ஒரு கிரியேட்டினினுக்காக இரண்டு முறை மலையிறங்கினோம்

வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு அப்பா ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். ஏற்காட்டிலிருந்து சேலம் கொண்டுவந்து சேர்த்தபோது ஹார்ட் அட்டாக் தன் வேலையைக் காட்டி முடித்திருந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான், ஆஞ்சியோவில் மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. பைபாஸ்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

டாக்டர் நிறுத்தினார். "அடைப்பு எங்கேன்னு ஆஞ்சியோ காட்டிடுச்சு. அந்த இடத்துச் சதை உயிரோட இருக்கா, தழும்பாயிடுச்சான்னு எம்ஆர்ஐயில்தான் தெளிவாத் தெரியும். செத்த சதைக்கு ரத்தம் கொண்டுபோய் என்ன பண்றது?"

எம்ஆர்ஐக்குத் தேதி சுலபமாகக் கிடைத்தது. விடிவதற்குள் கார் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வழியில் அப்பா இரண்டு முறை வாந்தியெடுத்து, ஸ்கேன் சென்டர் போய்ச் சேர்ந்தால் கவுண்டரில் ஒரே கேள்வி: "புது கிரியேட்டினின் எங்கே?" கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது மூன்று வாரப் பழசாம். படத்தில் தழும்பு தெரிவதற்காகப் போடும் கடோலினியம் ஊசிக்கு முன் கிட்னியைப் பார்ப்பது நியாயம்தான். அதைத் தேதி கொடுத்தபோதே சொல்லியிருக்கலாமே? "அதெல்லாம் நீங்கதான் சார் கேட்டுக்கணும்." பக்கத்து லேபில் ரிசல்ட் வருவதற்குள் எங்கள் முறை போய்விட்டது. கார் வாடகையும் போனது.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு போனோம். அரைஞாண் கயிற்றில் செம்புத் தாயத்து! நாற்பது வருடமாகக் கழற்றாதது. முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி அப்பாவே வெட்டி, என் சட்டைப் பையில் போட்டார். "கீழ வெச்சிராத கண்ணு." உலோகம் எதுவானாலும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

உள்ளே முக்கால் மணி நேரம். மூச்சைப் பிடிக்கச் சொல்லும் குரல் ஆங்கிலத்தில். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, படங்கள் கலங்கிவிட்டன. டெக்னீசியனைக் கெஞ்சித் தமிழில் சொல்ல வைத்தோம். அப்புறம் சரியாக வந்தது. நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பதினைந்து விநாடி மூச்சடக்க வீட்டிலேயே பழக்குங்கள்.

தழும்பு படத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. இதயத்தின் நுனியில் சுவர் முழுக்க வெள்ளை. அது இனி திரும்பாது. முன்சுவரில் தழும்பு கால்வாசிக் கனத்துக்குத்தான். பாதிக்குமேல் போயிருந்தால் யோசித்திருப்பாராம் டாக்டர். பைபாஸ் செய்யலாம் என்றார்.

அட்மிஷனுக்கு என்னென்ன ரிப்போர்ட் வேண்டும் என்று இம்முறை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, கீழே கையெழுத்தும் கேட்டேன். கவுண்டரில் சிரித்தார்கள். ஆனால் போட்டுத் தந்தார்கள்.