தண்டவாளத்துக்கு முன்னால் வடிகால்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ரயில்வேயில் ரயில் ஓடப் பாதையே இல்லை. ஒரு ஸ்டேஷன் கட்டடம், பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஷெட், ஷெட்டுக்குள் பாகம் பாகமாகப் பிரித்து வைத்த டேங்க் எஞ்சின். பிளாட்பாரத்தை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் கிடந்தது. அதற்கு அப்பால் முள்ளும் புதரும்தான். இந்தப் புதருக்குள்தான் நம் பாதை போகிறது என்று பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உள்ள கிளைப் பாதை அது, 1960-களில் மூடப்பட்டது. 1963-இல் வந்த, பிரிட்டிஷ் ரயில்வே வாரியத் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங்கின் அறிக்கை, நாடு முழுக்க 2,363 ஸ்டேஷன்களையும் ஏறக்குறைய 5,000 மைல் பாதையையும் மூடச் சொன்னது. அப்படி மூடிய பாதைகள் பலவற்றில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் பாதையிலும் அதேதான் நடந்தது. மிஞ்சியது மண்மேடும், குன்றைக் குடைந்து வெட்டிய பள்ளமும், சில செங்கல் பாலங்களும். பல வருடங்கள் கழித்து ரயில்மேல் பிரியம் உள்ளவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மறுபடி நீராவி ரயில் விடுவது என்று முடிவு செய்தார்கள். சங்கத்தில் என்னையும் சேர்த்து நாலைந்து பேருக்குத்தான் சம்பளம். மற்ற எல்லாரும் தன்னார்வலர்கள். மண், வடிகால், ஜல்லி, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான ஸ்லீப்பர், தண்டவாளம் இவ்வளவும் என் பொறுப்பு.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாரம்பரிய ரயில்வே என்றதும் எல்லாருக்கும் எஞ்சின்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்து அப்படி ஒரு ரயில்வே பிழைக்குமா பிழைக்காதா என்பதை முதல் வருடத்தில் தீர்மானிப்பது தண்ணீர். மழைத் தண்ணீர் பாதையை விட்டு வெளியே போகிறதா, பாதைக்கு உள்ளேயே தேங்குகிறதா என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாமும்.

வேலை அக்டோபரில் தொடங்கியது. அதற்கும் காரணம் உண்டு. மார்ச்சில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும். 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குஞ்சு வளர்க்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். ஆகவே புதர் வெட்டும் வேலை முழுவதையும் குளிர்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். மண்மேட்டில் பேட்ஜர் என்ற மண் தோண்டி வாழும் விலங்கின் வளை இருந்தால் அது தனி வழக்கு. 1992-இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்காமல் அந்த வளைப் பக்கம் மண்வெட்டியைக் கொண்டுபோக முடியாது. எங்கள் மேட்டில் ஒரு வளை இருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு, அந்தப் பகுதியைக் கடைசிக்கு ஒதுக்கினோம். இதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அது அவற்றின் இடம்.

வாரநாட்களில் வருகிற கும்பலில் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியர், தபால்காரர், ஒரு பல் மருத்துவர். அவர்களில் ஒருவர் மட்டும் இளம் வயதில் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது பாதையைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தவர். வயது எண்பதை நெருங்கிவிட்டது. கனமான எதையும் தூக்க மாட்டார், யாரும் தூக்க விடவும் மாட்டோம். கையில் ஒரு குச்சியோடு நடந்து வருவார். வெட்டி முடித்த இடத்தில் நின்று, புல் எங்கே அடர் பச்சையாக இருக்கிறது, எங்கே நாணல் முளைத்திருக்கிறது என்று பார்த்துக் குச்சியால் தொட்டுக் காட்டுவார். அங்கே தோண்டினால் பழைய வடிகால் இருக்கும். பாதி மண் மூடி, பாதி வேர் அடைத்து, ஆனாலும் இருக்கும். நூறு வருடத்துக்கு மேல் ஆன வடிகால்கள். அவற்றைக் கட்டியவர்கள் எந்தச் சரிவில் தண்ணீர் வரும் என்று நன்றாகத் தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

வெட்டுப் பள்ளத்தின் அடியில் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு தொட்டியைத் திறந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வண்டல் தங்குவதற்காக வடிகாலின் நடுவே கட்டும் சதுரத் தொட்டி அது. மேலே ஒரு கல் பலகை. கடப்பாரையால் நெம்பி நகர்த்தினால் உள்ளே விளிம்பு வரைக்கும் கறுப்புச் சேறு, இலை மக்கிய வாடை. வாளி வாளியாக அள்ளினோம். முழங்கை ஆழத்தில் குழாயின் வாய் தட்டுப்பட்டது. வில்லோ மரத்தின் வேர் அதை முழுதாக அடைத்து நின்றது. இரண்டு பேர் பிடித்து இழுத்ததும் ஒரு முழ நீளத்துக்கு வேர்க் கற்றை குழாயின் வட்டத்திலேயே உருண்டையாக வெளியே வந்தது. பின்னாலேயே தண்ணீர். முதலில் கலங்கலாகத் திக்கித் திக்கி வந்து, அப்புறம் நிற்காமல் ஓடியது. பள்ளத்தில் கணுக்கால் அளவு தேங்கியிருந்த தண்ணீர் மறுநாள் காலையில் வற்றிவிட்டது. ஜல்லி போடும் முன்பே பாதையின் பாதி வேலையை அந்தக் குழாய் செய்துவிட்டது என்றுதான் நான் கணக்கு வைத்தேன்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஈரக் களிமண்மேல் பாதை நிற்காது. சக்கரம் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஸ்லீப்பர் ஒரு நூல் இறங்கி ஏறும். அடியில் தண்ணீர் நின்றால் அந்த அழுத்தத்தில் களிமண் குழம்பாகி ஜல்லிக்குள் ஏறும். ஜல்லிக் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிடி போய்விடும். முதலில் இணைப்புகள் தாழும், அப்புறம் தண்டவாளம் வளையும். மேலே எவ்வளவு ஜல்லி கொட்டினாலும் அது கொஞ்ச நாள் சமாளிப்புதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் கமிட்டியில் பெரிய வாக்குவாதம் வந்தது. கையிலிருக்கும் பணத்தைப் பாய்லருக்குப் போடுவதா, பாதைக்குப் போடுவதா? எஞ்சின் பக்கத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எஞ்சினைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள், நன்கொடையும் வரும். வடிகாலுக்கு யாரும் காசோலை எழுதுவதில்லை. ஆனால் பாய்லருக்கு ஒரு கெடு இருக்கிறது. முழுப் பராமரிப்பு முடிந்து, ஆய்வாளர் பார்த்துச் சான்று கொடுத்தால், வழக்கமாகப் பத்து வருடம். நடுவில் ஆண்டுதோறும் சோதனை. பத்து வருடம் ஆனதும் ஓடினாலும் சரி, ஷெட்டிலேயே நின்றாலும் சரி, குழாய்களை உருவிப் பிரித்துப் போட வேண்டியதுதான். பாதை இல்லாமல் பாய்லரை முடித்தால் அந்தப் பத்து வருடம் ஷெட்டுக்குள்ளேயே கழியத் தொடங்கும். கமிட்டியில் நான் இதைத்தான் சொன்னேன். பழைய கேங்மேன் எழுந்து இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: எஞ்சின் வழியில் நின்றுபோனால் மறுநாள் இழுத்து வரலாம், மேடு சரிந்தால் மறுநாள் என்பதே இல்லை.

அப்போது டாலிலின் ரயில்வேயின் கதையையும் பேசினோம். வேல்ஸில் ஸ்லேட் கல் ஏற்றுவதற்காக 1865-இல் வந்த குறுகிய பாதை அது. உரிமையாளர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950-இல் காலமானதும் மூடும் நிலை. அந்த அக்டோபரில் பர்மிங்காமில் கூட்டம் போட்டு ஆர்வலர்கள் சங்கம் அமைத்தார்கள். டாம் ரோல்ட் முன்னின்று நடத்தினார். 1951 மே 14-இல் ரயில் விட்டார்கள். தன்னார்வலர்கள் கையில் எடுத்து நடத்திய முதல் ரயில்வே உலகத்திலேயே அதுதான். ஓடக்கூடிய நிலையில் இருந்தது டால்காக் என்ற ஒரே எஞ்சின். துணைக்கு, மூடப்பட்ட காரிஸ் ரயில்வேயிலிருந்து இரண்டு எஞ்சின்களை வாங்கினார்கள். அதில் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது தடம்புரண்டது. எஞ்சின்மேல் குற்றம் இல்லை. இரண்டு ரயில்வேக்கும் ஏட்டில் ஒரே கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 2 அடி 3 அங்குலம். ஆனால் டாலிலினில் பாதையைக் கொஞ்சம் அகலமாகவே வைத்திருந்தார்கள், அங்கிருந்த பழைய எஞ்சினின் நீண்ட சக்கர இடைவெளிக்குத் தோதாக. காரிஸ் எஞ்சினின் சக்கரத்தில் தண்டவாளத்தின்மேல் உருளும் பகுதியோ ஒடுக்கம். ஆக ஓட்ட எஞ்சின் இருந்தும் பாதை அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த முதல் சீசன் முழுவதையும் டால்காக் ஒன்றே தாங்கிக் கரையேற்றியது. எனக்கு டால்காக்மேல் இருக்கிற மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் குனிந்து குனிந்து அந்தப் பாதையைப் புதுப்பித்தவர்கள்மேல் இன்னும் கூடுதல்.

புளூபெல் ரயில்வேயும் ஓர் உதாரணம். 1960 ஆகஸ்டில் ரயில் விட்டவர்கள், வடக்கே ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரை நீட்ட 2013 வரை பாடுபட்டார்கள். வழியில் இம்பர்ஹோர்ன் என்ற இடத்தில் வெட்டுப் பள்ளத்தை ஊர்க் குப்பையால் நிரப்பிவிட்டிருந்தார்கள். பாதைக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு அந்தக் குப்பையை வெளியேற்றாமல் அங்கே தண்டவாளம் போட முடியவில்லை.

கடைசியில் கமிட்டி பாதைப் பக்கம் சாய்ந்தது. ஸ்லீப்பருக்கு ஆள் பிடிக்கும் திட்டம் ஒன்றும் வைத்தோம். ஒரு ஸ்லீப்பரின் விலையைக் கொடுத்தால் கொடுத்தவர் பெயரை ஏட்டில் எழுதி வைப்போம். ஒரு மைலுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஸ்லீப்பர் வேண்டும் என்பதால் பெயர்களும் நிறைய தேவைப்பட்டன. பேரக் குழந்தைகளின் பெயரில் வாங்கியவர்கள்தான் அதிகம்.

வசந்த காலம் காகிதத்திலேயே போனது. நிலம், சாலைக் கடவு, பாதுகாப்பு நடைமுறை என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி. 25 மைல் வேகத்துக்குள் ஓட்டுகிற ரயிலுக்கும் பொறுப்பு பெரிது, பயணிகள் ஏறுகிறார்கள் அல்லவா. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

ஜூனில் தண்டவாளம் போடத் தொடங்கினோம். எங்களுக்குக் கிடைத்தது புல்ஹெட் தண்டவாளம். பிரிட்டனில் 1940-களின் இறுதி வரை அதுதான் வழக்கம். 60 அடி நீளம், கெஜத்துக்கு 95 பவுண்டு. ஒரு தண்டவாளம் ஏறக்குறைய 860 கிலோ. அடிப்பாகம் தட்டையாக இருக்காது என்பதால் தானாக நிற்காது. ஸ்லீப்பர்மேல் வார்ப்பிரும்புத் தாங்கியை முடுக்கி, அதன் வாய்க்குள் தண்டவாளத்தை உட்காரவைத்து, வெளிப்பக்க இடைவெளியில் ஓக் மர ஆப்பை அடித்து இறுக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் ரயில் இரண்டு பக்கமும் போகும். ஆகவே ஆப்புகளையும் இரண்டு திசையிலும் கலந்து அடிப்போம், தண்டவாளம் ஒரே பக்கமாக நகராமல் இருக்க.

ஆப்பு அடிப்பது காதால் செய்கிற வேலை. சம்மட்டி படும்போது முதலில் மொத்தையான சத்தம் வரும். இறுக இறுக அது கனத்துக் கடைசியில் கணீர் என்று கேட்கும். அதற்குமேல் ஒரு அடி கூடப் போட்டால் மரம் பிளந்துவிடும். வெயில் காலத்தில் ஓக் காய்ந்து சுருங்கும், ஆப்பு நழுவும். அதனால் பாதை நெடுக நடந்து தளர்ந்தவற்றைத் திரும்பத் திரும்ப அடித்துச் செருக வேண்டும். புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். சில வாரங்களிலேயே கண்ணால் பார்க்காமல் சத்தத்தை வைத்தே எந்த ஆப்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். கேங்மேன் தன் சம்மட்டியை அவரிடமே கொடுத்துவிட்டார்.

ஜல்லியைப் பொதிவதிலும் ஒரு பக்குவம் உண்டு. தண்டவாளத்துக்கு நேர் கீழே ஸ்லீப்பரை நன்றாக இறுக்க வேண்டும், நடுவில் இறுக்கக் கூடாது. நடுவில் தாங்கினால் ஸ்லீப்பர் தராசு மாதிரி இரு முனையும் ஆடும். கற்றுக்கொடுக்கும்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு ஸ்லீப்பரைத் தப்பாகப் பொதிந்து, மேலே ஏறி நின்று காட்டினால் உடனே புரிந்துவிடும்.

அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டு நாள் விடாமல் மழை. பக்கத்து வயல்களில் தண்ணீர் நின்றது. மழை விட்டதும் நானும் கேங்மேனும் பாதை முழுவதும் நடந்தோம். வெட்டுப் பள்ளத்தில் ஜல்லி சுத்தமாக இருந்தது. செங்கல் தொட்டிக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேட்டின் அடியில் இருக்கிற மூன்று சிறுபாலங்களில் இரண்டு நன்றாக வேலை செய்தன. மூன்றாவதில் மட்டும் தண்ணீர் மேல்பக்கமே பெருகி, வேலி ஓரம் மண் ஊறியிருந்தது. உள்ளே செங்கல் வளைவு ஓரிடத்தில் இறங்கியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சின்ன டீசல் எஞ்சின் ஜல்லி வேகன்களை இழுத்துக்கொண்டு முக்கால் மைல் போய் வந்தது. அந்த வருடம் எங்கள் பாதையில் ஓடிய ரயில் அது மட்டும்தான். பயணி ஒருவர்கூட ஏறவில்லை. உறுப்பினர் சிலர் வருத்தப்பட்டார்கள், ஓரிருவர் விலகியும் போனார்கள். அவர்கள் ஆசையை என்னால் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வருடத்தை மறுபடி செய்யச் சொன்னால் இதே வரிசையில்தான் செய்வேன்.

டிசம்பர் கூட்டத்தில் பாய்லருக்குப் புதுக் குழாய்கள் ஆர்டர் கொடுக்க ஒப்புதல் ஆனது. எஞ்சின் பக்கத்தார் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அடுத்த தலைப்பாக நான் மூன்றாவது சிறுபாலத்தின் படங்களை எடுத்து வைத்தேன். உள்ளே ஆள் நுழைந்து செங்கல் மாற்றுவதா, குழாய் செருகி இடைவெளியைக் காரை ஊற்றி நிரப்புவதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். குழாய் என்று முடிவானது. மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும், அதற்கப்புறம் கூடு கட்டும் காலம்.