நாட்2 மரபணுவைத் தேர்வுக்குப் படிப்பது எப்படி

நோயெதிர்ப்பியல் தாளில் நாட்2 பற்றிக் கேட்டால், பலரும் "குரோன் நோயோடு தொடர்புள்ள மரபணு" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பாதி மதிப்பெண் அங்கேயே போய்விடுகிறது. நாட்2 (NOD2) உருவாக்கும் புரதம், பாக்டீரியாவை உணரும் ஓர் ஏற்பி. இந்த ஏற்பி வேலை செய்யத் தவறினால் குடலில் நீடித்த அழற்சியான குரோன் நோய்க்கு வழி திறக்கிறது. தூண்டுதலே இல்லாமல் வேலை செய்தால் பிளாவ் நோய்க்குறித்தொகை என்ற வேறொரு நோய் வருகிறது. கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு தாளில் 10.4 செ.மீ. நீளக் கோடு போடுங்கள். புரதத்தில் 1040 அமினோ அமிலங்கள்; ஒரு செ.மீ.க்கு 100. இடது முனையில் இரண்டு கார்ட் பகுதிகள், நடுவில் நாக்ட் பகுதி, வலது முனையில் லூசின் செறிந்த தொடர்கள். பாக்டீரியாச் சுவரின் துணுக்கான முராமைல் டைபெப்டைடை உணர்வது வலது முனை. நடுப்பகுதி ஏற்பிகளை ஒன்றுசேர்க்கிறது. இடது முனை ரிப்2 கைனேஸ் என்ற நொதியைப் பிடித்து, அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதமான என்.எஃப். கப்பா பி வரை செய்தியைக் கடத்துகிறது.

இனி அதே கோட்டில் பிறழ்வுகளைக் குறியுங்கள். 7.02, 9.08, 10.07 செ.மீ. ஆகிய மூன்றும் குரோன் நோயின் அபாயத்தைக் கூட்டுபவை. வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும். 3.34 செ.மீ.யில் வருவது பிளாவ் நோய்க்குறித்தொகை. அது நாக்ட் பகுதிக்குள் விழும். உணரும் முனை கெட்டால் ஏற்பி மந்தமாகிறது, ஏற்பியை ஓய்வில் வைத்திருக்கும் நடுப்பகுதியின் பூட்டு தளர்ந்தால் தானாகவே எரிகிறது என்பது படத்தைப் பார்த்தாலே புரியும். இப்படி ஒரு முறை வரைந்தவர்களுக்கு இரண்டும் குழம்புவதில்லை.

டி.என்.ஏ. எண்ணையும் புரத எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். குறியீட்டுப் பகுதியின் எண்ணை 3-ஆல் வகுத்து, மீதி வந்தால் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 2104 என்பது 702 ஆகும், 2722 என்பது 908, 3020 என்பது 1007. கடைசியானதை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது பலன் தரும். இயல்பான வரிசை ஜிசிசி, சிடிடி, ஜிஏஏ. இடையில் ஒரு சி கூடுதலாக நுழைந்தால் ஜிசிசி, சிசிடி, டிஜிஏ என்று மாறுகிறது. லூசின் இருந்த இடத்தில் புரோலின். அடுத்ததே நிறுத்தக் குறியீடு. புரதத்தின் வால் 33 அமினோ அமிலங்களை இழக்கிறது. இந்த மூன்று வரிகளை விடைத்தாளில் எழுதிக் காட்டினால், சட்டக நகர்வு (மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை இடம் மாறுவது) உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

"அழற்சியைத் தூண்டும் ஏற்பி மந்தமானால் அழற்சி எப்படிக் கூடும்?" என்பது வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும். சிறுகுடல் குழிகளின் அடியில் உள்ள பேனெத் செல்களில் இருந்து தொடங்குங்கள். அவை நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளைச் சுரப்பவை. நாட்2 குறைபட்டால் இந்தப் பாதுகாப்பு தளர்கிறது, செல் தன் உள்ளிருக்கும் பொருளைத் தானே செரிக்கும் தன்விழுங்கல் வழியாகப் பாக்டீரியாவை அகற்றுவதும் குறைகிறது. எஞ்சிய பாக்டீரியாவை மற்ற எதிர்ப்புப் பாதைகள் எதிர்கொள்வதால் அழற்சி நீடிக்கிறது. இந்தப் பிறழ்வுகள் சிறுகுடலின் கடைப்பகுதி நோயோடு அதிகம் சேர்ந்து காணப்படுவதும் இதோடு பொருந்துகிறது. ஆனால் இதுவே முழு விளக்கம் என்று அடித்து எழுதாதீர்கள். பல வழிகள் சேர்ந்தே இயங்குகின்றன.

"காரணம்" என்ற சொல்லைக் குரோனுக்குப் பயன்படுத்தினால் தேர்வாளர் சிவப்பு மை தொடுவார், அது நியாயமும்கூட. உதாரணமாக, பொதுமக்களில் 1000 பேருக்கு 2 பேர் நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். இரு பிரதியிலும் பிறழ்வு உள்ளவருக்கு அபாயம் 20 மடங்கு என்றாலும் 1000-க்கு 40தான். 960 பேருக்கு நோய் இல்லை. அதனால் மரபணுச் சோதனை மட்டும் நோயை உறுதி செய்யாது. ஜப்பான், கொரியா, சீனா நோயாளிகளிடம் இந்த மூன்று பிறழ்வுகளும் ஏறக்குறைய காணப்படுவதே இல்லை. நோய் மட்டும் இருக்கிறது. பிளாவ் அப்படியல்ல. ஒரு பிரதி மாறினாலே போதும், ஓங்குமரபாகக் கடத்தப்படுகிறது. சிறு வயதிலேயே தோல், மூட்டு, கண் மூன்றிலும் சிறுமணிக் கட்டி அழற்சியாக வெளிப்படும். அங்கே "காரணம்" என்றே எழுதலாம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, நாட்2-ஐச் செல்லின் மேற்பரப்பில் வைத்து, மைடி88 என்ற இணைப்புப் புரதம் வழியாகச் செய்தி அனுப்புவது. அது நுண்ணுயிரை உணரும் வேறொரு ஏற்பிக் குடும்பமான டோல் போன்ற ஏற்பிகளின் பாதை. நாட்2 செல்லுக்குள், சைட்டோபிளாசத்தில் இருக்கிறது.

5 மதிப்பெண் கேள்விக்குக் கோட்டுப் படம், உணரும் பொருள், ரிப்2 பாதை, இரு நோய்களுக்கும் ஒவ்வொரு வரி. 10 மதிப்பெண் என்றால் சட்டக நகர்வையும் அபாயக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்ட்15 என்ற பழைய பெயரில் கேள்வி வந்தாலும் இதே மரபணுதான்.