மாட் கோப்புக்குள்ளே என்ன இருக்கிறது

எம்பி3 கோப்பில் ஒலி இருக்கும், மிடி கோப்பில் என்ன வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்கு எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற இசையமைப்பு மென்பொருளிலிருந்து வளர்ந்த மாட் (MOD) வடிவத்தில் வாத்தியங்களின் 8 பிட் ஒலித்துண்டுகள், வாசிக்கும் குறிப்பு இரண்டுமே ஒரே கோப்பில். எனக்கு இன்றைக்கும் பிடித்த வடிவம் இதுதான்.

ஒரு மாட் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்து பாருங்கள். முதல் 20 பைட் பாட்டின் பெயர், அப்புறம் 31 ஒலித்துண்டுகளுக்குத் தலா 30 பைட் விவரம், பிறகு பேட்டர்ன்கள், அதாவது பாட்டின் பகுதிகள், வாசிக்கப்படும் வரிசை, 1080ஆவது இடத்தில் 'M.K.' என்ற நான்கு பைட் அடையாளம். ஆரம்பகாலக் கோப்புகளில் 15 துண்டுகள்தான், அடையாளமும் கிடையாது, மென்பொருள் ஊகித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு பேட்டர்ன் என்பது 64 வரி, ஒரே நேரத்தில் ஒலிக்கும் 4 சேனல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் 4 பைட், மொத்தம் 1024 பைட். அந்த 4 பைட்டில்தான் குழப்பமே. ஒலித்துண்டின் எண் முதல் பைட்டில் பாதியும் மூன்றாவதில் பாதியுமாகப் பிரிந்து கிடக்கும், ஏனென்றால் 15 துண்டுக்கு 4 பிட் போதும், 31 ஆனதும் காலியாக இருந்த இடத்தில் மீதியைச் செருகிவிட்டார்கள். ஸ்வரமும் அலைவெண்ணாக இல்லை, அமிகாவின் பவுலா என்ற ஒலிச் சிப்புக்கு நேராகக் கொடுக்கும் பீரியட் (கால இடைவெளி) எண், அது பாதியானால் ஒரு ஸ்தாயி மேலே போகும் (428 என்பது 214 ஆகும்).

துண்டின் பெயருக்கு ஒதுக்கிய 22 பைட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். பல இசைக்காரர்கள் அங்கே நண்பர்களுக்கு வணக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள், ஓப்பன்எம்பிடி (OpenMPT) என்ற இசை மென்பொருளில் திறந்தாலே படிக்கலாம்.