ரொட்டியும் மாசியும்

தாத்தா, இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர் போனவர். பேத்தி நான் கல்யாணமாகி இலங்கை மலையகத்து ஹட்டனுக்குத் திரும்பி வந்ததில் ஊரில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் வயிற்றில் புளி கரைத்தது. காரணம் சாப்பாடு.

எனக்கு சீலியாக் நோய். கோயம்புத்தூரில் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, சிறுகுடலில் கிள்ளியெடுத்த துணுக்கு எல்லாம் பார்த்து இருபத்தாறு வயதில் சொன்னார்கள். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்கும். போதாக்குறைக்கு மீன் ஒவ்வாமை வேறு.

தேயிலைத் தோட்டத்து வீட்டில் புது மருமகளுக்கு முதல் நாள் காலையில் என்ன வைப்பார்கள்? தேங்காய்ப்பூ போட்டுச் சுடச்சுடக் கோதுமை மா ரொட்டி, தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல். ரொட்டியில் கோதுமை, சம்பலில் இடித்த மாசிக் கருவாடு. நான் குடித்தது பிளேன்டீ மட்டும். மாமி முகம் வாடிவிட்டது. "ஏன் புள்ள, எங்க ரொட்டி புடிக்கலையா?"

அப்புறம் டாக்டர் தேடும் படலம். முதலில் பார்த்தவர் கெஸ்ட்ரைட்டிஸ் என்றார். இங்கே வயிற்றில் எது வந்தாலும் பெரும்பாலும் அதுதான் பெயர். அடுத்தவரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து, பார்த்தோம். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள், முடிவு நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் சாப்பிடுங்க" என்றார். மூன்று வருடமாகக் கோதுமையே தொடாதவளுக்கு ரத்தத்தில் நோயைக் காட்டும் எண் இறங்கித்தானே இருக்கும்? கோதுமை சாப்பிடுகிற காலத்தில் எடுத்தால்தான் அந்தப் பரிசோதனை நோயைக் காட்டும். இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"பாத்தியா, டாக்டரே சொல்லிட்டாரு" என்று மாமிக்குச் சந்தோஷம். அவருக்காக அரை ரொட்டி சாப்பிட்டேன். அடுத்த ஐந்து நாள் கதை வேண்டாம்.

மூன்றாவது டாக்டருக்காக நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்கினோம். சிங்களப் பெண்மணி, தமிழ் கொஞ்சம் வரும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நார்மலா? நல்லது. அப்ப நீங்க சரியா சாப்பிடுறீங்க" என்றார். அந்த ஒரு வரிக்கு நான் அழுதே விட்டேன். "எனக்கு இந்த நோய்க்காரர் நிறைய வந்ததில்ல. ஃபைல் கொப்பி தாங்க, படிக்கிறேன்" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி: "வீட்டில யார் சமைக்கிறது?"

அடுத்த தடவை மாமியும் வந்தார், பட்டுச்சேலையில். டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு சிறுகுடலின் உள்சுவரை வரைந்தார். வரிசை வரிசையாக விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் குடலுறிஞ்சிகள். சாப்பாட்டில் இருக்கிற சத்தை இழுப்பது இவைதான் என்றார். பக்கத்திலேயே எல்லாம் மழுங்கிப்போன இன்னொரு படம், இது கோதுமை போனால். முப்பது வருடம் கொழுந்து பறித்த மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கவ்வாத்து வெட்டுன மலை மாதிரி இருக்கே. இதுல எங்கிட்டு கொழுந்து எடுக்கிறது?" என் கணவர் சிங்களத்தில் சொன்னதும் டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். என் ரத்தசோகைக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் கேட்டதில்லை.

மீன் விஷயத்தில் மட்டும் டாக்டரின் குரல் கண்டிப்பானது. கோதுமை மெதுவாக அரிக்கும், மீன் நிமிடத்தில் ஆளைச் சாய்க்கும், இரண்டையும் குழப்பாதே. தொண்டை இறுகினால் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காதே, கண்டிக்கும் வராதே, பக்கத்திலிருக்கிற டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஓடு என்றார். வருடம் ஒருமுறை இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, தைராய்டு பார்க்கச் சொன்னார். கடையில் கேட்பதற்கு இரண்டு சிங்களச் சொல்லும் எழுதிக் கொடுத்தார்: கோதுமை மாவுக்குப் பான் பிட்டி, மாசிக்கு உம்பலகட.

வீட்டில் எனக்கென்று தனி ரொட்டிக்கல் வந்தது. அரிசி மாவில் தட்டினால் ஓரம் வெடிக்கும். வெந்நீரில் பிசைந்து மாமி அதையும் வசப்படுத்திவிட்டார். மாசி இல்லாத சம்பல் என் பங்குக்குத் தனியாக. உளுந்து வடையிலும் இடியப்பத்திலும் கடைக்காரர்கள் கோதுமை மா கலப்பார்கள் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. பெருங்காயத்தில் இருப்பது முன்பே தெரியும்.

போன வாரம் ஹட்டன் டவுனில் இடியப்பம் வாங்கப் போனோம். கடைக்காரர் தமிழர்தான். மாமி பையைக் கீழே வைத்துவிட்டு, "பான் பிட்டி கலந்திருக்கா?" என்று கேட்டார்.

"ஆத்தா, தமிழ்லயே கேளுங்க."

"எப்புடிக் கேட்டா என்ன, கலந்திருக்கா இல்லையா?"

கலந்திருந்தது. வெறும் பையோடு வீட்டுக்கு வந்தோம்.