அப்பத்தாவும் நாலாவது வரியும்

டிசம்பர் 17, 2023, ஞாயிறு

மார்கழி பிறந்துவிட்டது. அப்பத்தாவின் சட்டதிட்டங்களும் இன்றே அமலுக்கு வந்துவிட்டன. விடிவதற்குள் குளித்துவிட வேண்டும். குளிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. செல்போனைப் பார்த்துக்கொண்டே திருநீறு பூசக் கூடாது. கடைசிச் சட்டம் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தது, எனக்காகவே.

எங்கள் வீடு பர்மாவில், யாங்கோன் நகரத்துக்குள், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். நம் ஆட்கள் 1871இல் கட்டிய காளி கோயில் அனோரத்தா சாலையில், நடந்து போகிற தூரம்தான். ஆனால் 83 வயது முழங்காலுக்குப் படிக்கட்டுதான் பிரச்சினை. அதனால் கூடத்து அலமாரியே அப்பத்தாவுக்குக் கோயில். நடராசர் படம், முருகன் படம், பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி கொடுத்த சின்ன புத்தர் சிலை. மூவருக்கும் ஒரே விளக்கு.

டிசம்பர் 18, திங்கள்

இன்று திருவெம்பாவை ஆரம்பம். "ஆதியும் அந்தமும் இல்லா" என்று அப்பத்தா எடுத்ததும் கரண்ட் போனது. அவள் பாட்டுக்கு இருட்டில் பாடிக்கொண்டே போனாள். புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிற எனக்குத்தான் பாட்டு நின்றது.

அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். 1965இல் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பர்மியப் பள்ளிக்குப் போனார்கள். அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தந்ததே அப்பத்தாதான், சமையலறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால். இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அந்தத் தரை புண்ணியம்.

டிசம்பர் 20, புதன்

இந்த மாதம் முழுக்க எனக்கு ஒரே பாட்டுத்தான் பாடமாம். திருமந்திரத்தில் 252ஆவது.

யாவர்க்குமாம் இறைவற்கு ஒருபச்சிலை
யாவர்க்குமாம் பசுவுக்கு ஒருவாயுறை
யாவர்க்குமாம் உண்ணும்போது ஒருகைப்பிடி
யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே

சாமிக்கு ஒரு இலை போதும். மாட்டுக்கு ஒரு வாய்ப் புல். சாப்பிட உட்காரும்போது அடுத்தவனுக்கு ஒரு பிடி. கடைசியாக, மற்றவரிடம் இனிமையாக ஒரு சொல். காசில்லை, நேரமில்லை என்று யாரும் நழுவ முடியாதபடி திருமூலர் எல்லாக் கதவையும் சாத்திவிட்டார். எனக்கு இது கொஞ்சம் மலிவான தருமமாகப் பட்டது. அப்பத்தாவிடம் சொன்னேன். "மலிவுதான அப்பு? ஒரு மாசம் செஞ்சு பாரு" என்றாள்.

அவள் செய்வதைப் பார்த்தால் மலிவாகத் தெரியவில்லை. பால்கனியில் பெயின்ட் டப்பாவில் இருக்கிற துளசியிலிருந்து தினமும் ஒரு இலை. பசுவுக்கு இந்தத் தெருவில் எங்கே போவது? வாயில்லா ஜீவன் எல்லாம் பசுதான் என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு புறாவுக்கு அரிசி போடுகிறாள். கீழ்வீட்டுக்காரர் தலையில் எச்சம் விழுவது தனி வழக்கு.

மூன்றாவதுதான் பார்க்க வேண்டியது. இந்த ஊர்ப் பழைய கட்டடங்களில் மாடிக்கு மாடி ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர் போடுகிறவர் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்ளலாம். மற்ற வீட்டுக் கயிற்றில் சரக்கு மேலே ஏறும். எங்கள் வீட்டுக் கயிற்றில் மத்தியானம் ஒரு சரக்கு கீழே இறங்கும். அப்பத்தா தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, அதிலிருந்து ஒரு பிடியும் கொஞ்சம் கறியும் எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கிளிப்பில் மாட்டி இறக்குவாள். கீழே சைக்காக்காரர் ஒருவர், பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர், வாங்கிக்கொண்டு கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுவார். மணி அடித்த பிறகுதான் அப்பத்தா வாயில் சோறு போகும்.

"பானையிலேர்ந்தே எடுத்துக் குடுத்தா என்ன அப்பத்தா?"

"பானையிலேர்ந்து எடுத்தா அது உங்க அம்மா குடுத்தது. என் தட்டுல கொறைஞ்சாத்தான் நான் குடுத்தது."

அவர் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளை, எதுவும் இவளுக்குத் தெரியாது. கேட்கவும் கூடாதாம். கேட்டால் அவர் மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

காலையில் பாத்திரத்தோடு வருகிற பிக்குகளுக்கும் சோறு உண்டு. அதற்குக் கயிறு சரிப்படாது, மரியாதை இல்லை. ஐந்து மாடி இறங்கிப் போகிறவள் அம்மா. "இறங்கி ஏறுறது நான், புண்ணியம் மட்டும் அவங்களுக்கா?" என்று அம்மா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

டிசம்பர் 23, சனி

வைகுண்ட ஏகாதசி. நாங்கள் சிவன் வீட்டுக்காரர்கள், ஆனால் பட்டினி என்று வந்துவிட்டால் அப்பத்தாவுக்குச் சைவ வைணவ பேதம் கிடையாது.

இந்தத் தேதி அவளுக்கு வேறொரு கணக்கிலும் ஞாபகம் இருக்கிறது. 1941 டிசம்பர் 23ஆம் தேதிதான் ரங்கூனில், அதாவது இதே யாங்கோனில், முதல் குண்டு விழுந்தது. அவள் கைக்குழந்தை. ஆயிரக்கணக்கான பேர் மலை ஏறி இந்தியாவுக்கு நடந்தார்கள். இவளைத் தூக்கிக்கொண்டு இவள் அம்மா பெகு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டாள். அங்கே சோறு போட்ட குடும்பத்தின் பெயர்கூடத் தெரியாதாம். கயிற்றில் இறங்குகிற பிடிச் சோறு எந்தக் காலத்துக் கணக்கு என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் பர்மியப் பாட்டி வந்தாள். இருவரும் பர்மிய மொழியில் சாமிக் கதை பேசினார்கள். அவர்களுக்குப் பஞ்சசீலம்: கொல்லாதே, திருடாதே, தகாத உறவு கொள்ளாதே, பொய் சொல்லாதே, போதை தொடாதே. அப்பத்தா கணக்குப் போட்டாள். "அவுங்களுக்குச் செய்யாதே அஞ்சு, நமக்குச் செய்யி நாலு. ஒம்போதையும் ஒருத்தன் பாத்துக்கிட்டா வேற சாமியாரு எதுக்கு?"

அது முடிந்து கால்மணி நேரம் ஆகவில்லை. ஊறவைத்த அவலில் சர்க்கரை கூடிவிட்டது என்று அம்மாவைப் பிடித்தாள் பாருங்கள். "உங்க ஆத்தா வீட்டுல இப்படித்தான் அள்ளிக் கொட்டுவாகளா?" அம்மா பதில் பேசவில்லை. பாத்திரம் பேசியது.

நான் விடவில்லை. "அப்பத்தா, நாலாவது வரி என்ன ஆச்சு?"

முறைத்தாள். அப்புறம், "அது கஷ்டம்டா அப்பு. அதான் அவரு கடைசியில வச்சிருக்காரு. மொத மூணும் கைவேலை, பழகினா வந்துரும். இது வாயி. அறுவது வருசமாப் பாக்குறேன், தினம் தோக்குறேன்" என்றாள்.

உபதேசம் செய்கிற பெரியவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

டிசம்பர் 27, புதன்

திருவாதிரை. களியும் ஏழுகறிக் கூட்டும். விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார் வீட்டுக்கு மழைநாளில் நடராசர் அடியாராக வந்து, இருந்த களியை வாங்கிச் சாப்பிட்ட கதையை வருடா வருடம் கேட்கிறேன். சிதம்பரம் கோயிலைத் திறந்தபோது கருவறையில் களி சிந்திக் கிடந்ததாம். வீட்டில் அரிசி இல்லாததால்தான் அன்றைக்குக் களி என்பதை மட்டும் அப்பத்தா அழுத்திச் சொல்வாள்.

அலமாரியைத் துடைக்கும்போது நடராசர் படத்துக்குப் பின்னால் ஒரு 75 கியாட் நோட்டு கிடைத்தது. மடிப்பில் நைந்து, ஓரத்தில் குங்குமம் பட்டிருந்தது. ஐயா, அதாவது என் தாத்தா, தகர டப்பாவில் சேர்த்த பணத்தில் மிச்சம். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. வந்த புது நோட்டுகள் 45, 90. ஒன்பதால் வகுபட வேண்டும் என்பது அன்றைக்கு நாட்டை ஆண்டவரின் நம்பிக்கை. 1964இல் ஒரு தடவை 50, 100 நோட்டுகள் போயிருந்தன. கடைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அப்பத்தாவின் அக்கா குடும்பம் அந்த வருடம்தான் மெட்ராசுக்குக் கப்பல் ஏறியது.

"இதை ஏன் சாமிகிட்ட வச்சிருக்கே?"

"ரெண்டையும் சேத்துப் பாக்கணும்ல. தெனம் கும்பிடுறப்ப இது எது, அது எதுன்னு தெரியணும்."

பழைய நோட்டு சேகரிப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றேன். துடைத்தது போதும், எழுந்து போ என்றாள்.

டிசம்பர் 30, சனி

வேலை செய்கிற இடத்தில் ஒரு சிக்கல். நான் பருப்புக் கிடங்கில் மாதிரி எடுக்கிறவன். குத்தூசியால் சாக்கைக் குத்தி, வருகிற உளுந்தைச் சல்லடையில் சலித்து, தூசி எவ்வளவு, வண்டடித்தது எவ்வளவு என்று சீட்டில் எழுத வேண்டும். இந்தியாவுக்கு வெளியிலிருந்து வருகிற உளுந்தில் பெரும்பகுதி இங்கே விளைந்ததுதான். சென்னையில் இட்லி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை.

புது அறுவடை பிப்ரவரிக்கு மேல்தான். இப்போது இருப்பது பழைய சரக்கு. அதில் ஒரு பகுதியில் வண்டு விழுந்திருக்கிறது. அதை நல்ல சாக்குகளோடு கலந்து ஏற்றிவிடலாம், சீட்டில் கொஞ்சம் பார்த்து எழுது என்று முதலாளி சொன்னார். அதட்டிச் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

ஜனவரி 4, 2024, வியாழன்

பர்மாவின் சுதந்திர தினம், விடுமுறை. அப்பத்தாவிடம் சொன்னேன். வேலையை விட்டுவிடு என்பாள், அல்லது முதலாளி சொன்னால் கேட்டுக்கொள் என்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"வியாபாரிக்குன்னே வள்ளுவரு ஒண்ணு எழுதியிருக்காரு, நடுவு நிலைமையில கடைசிக் குறள்" என்று ஆரம்பித்தாள். 'வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்.' அடுத்தவன் பொருளையும் தன் பொருளாக நினைத்துச் செய்தால் அதுதான் வியாபாரம். "அந்த உளுந்தை நம்ம வீட்டு ஆட்டுரல்ல போடுவியா? போட மாட்டேல்ல? அப்ப சொல்லிரு."

மளிகைக் கடைக்கு இது சரி. ஒரு கன்டெய்னரில் 24 டன் ஏறும். வாங்குகிறவனுக்கே பாதி தெரியும், தெரிந்துதான் விலை பேசுகிறான். இதை எல்லாம் சொல்லி வாதாடினேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. "எப்படிச் சொல்லப் போறே?" என்றாள்.

"எப்படின்னா? முடியாதுன்னு."

"எல்லாரும் இருக்கறப்பவா? நாலு பேரு முன்னாடி சொன்னா அது அவரைத் திருத்துறது இல்லடா, உன்னை ஒசத்திக் காட்டுறது. தனியாப் போ. டீ வாங்கிக் குடுத்த மனுசன், அதை மறக்காத. ஆனா சொல்ல வேண்டியதுல ஒரு எழுத்துக்கூடக் கொறைக்காத."

நாலாவது வரியில் தினமும் தோற்கிறவள் சொன்ன பாடம் இது. தோற்றுத் தோற்றுத்தான் இவ்வளவு தெரிந்துகொண்டாளோ என்னவோ.

ஜனவரி 8, திங்கள்

தனியாகப் போய்ச் சொன்னேன். சல்லடையில் வந்ததைத்தான் எழுத முடியும், என் பெயர் சீட்டில் இருக்கிறது, சென்னையில் திரும்பச் சலித்தால் உங்கள் பெயர்தான் போகும் என்றேன். முதலாளி காதுகொடுத்துக் கேட்டார். கோபப்படவில்லை. "யோசிக்கிறேன்" என்றார்.

மத்தியானம் அந்தச் சரக்குக்கு மாதிரி எடுக்கும் வேலை வேறொருவருக்குப் போனது. என்னைத் துவரைப் பக்கம் அனுப்பினார்கள்.

ராத்திரி அப்பத்தாவிடம், "சொன்னதால என்ன ஆச்சு? உளுந்து எப்படியும் கப்பல் ஏறப் போகுது" என்றேன். "உன் கையெழுத்து ஏறலைல்ல" என்றாள். எனக்கு இது போதவில்லை. அவளுக்கும் போதவில்லை என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கேஸ் அடுப்பில்தான் பானை, ஆனாலும் பால் பொங்கி வழிந்தபோது போட்ட சத்தத்தில் பர்மியப் பாட்டி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு கிண்ணம். கயிற்றில் இன்று சர்க்கரைப் பொங்கல் இறங்கியது.

வடைக்கு உளுந்து நான் வாங்கி வந்தது, சல்லடையில் நானே சலித்தது. அப்பத்தா ஒரு வடையைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏத்தா, வடை நல்லா வந்திருக்கு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். என்னிடம் திரும்பி, "உங்க அப்பத்தாவுக்கு உடம்புக்கு முடியலையா? நெத்தியைத் தொட்டுப் பாருடா" என்றாள்.

"இதுக்குத்தான் நான் வாயே தொறக்குறதில்ல" என்று அப்பத்தா இன்னொரு வடைக்குக் கை நீட்டினாள். "உப்புத்தான் ஒரு கல்லு கூட."