பரணில் கிடந்த சொரூபத்துக்கு ஒரு கோயில்

ஜெர்மனியின் பவேரியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை வாசலில் நாலு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளி, மாடு மேயும் புல்வெளிக்கு நடுவில் வீஸ் என்ற இடத்தில் ஒரு யாத்திரைக் கோயில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கோட்டையை விட்டாலும் பரவாயில்லை, இதை விடக்கூடாது.

இதன் கதையே விசித்திரம்தான். 1730-இல் பக்கத்து ஸ்டைன்காடன் மடத்துத் துறவிகள் பெரிய வெள்ளிப் பவனிக்காக, கற்றூணில் கட்டுண்ட இயேசுவின் சொரூபம் ஒன்று செய்தார்கள். செய்தார்கள் என்பதைவிட ஒட்டுப்போட்டார்கள் என்பதுதான் சரி: பழைய மரச் சொரூபங்களின் துண்டுகளைச் சேர்த்து, இணைப்பு தெரியாமல் துணி சுற்றி, மேலே வர்ணம் பூசிவிட்டார்கள். சில வருஷம் பவனியில் போனது, அப்புறம் பார்க்கவே சகிக்கவில்லை என்று ஒதுக்கிவிட, கடைசியில் ஒரு வீட்டுப் பரணில் போய்ச் சேர்ந்தது. அதை மரியா லோரி என்ற விவசாயப் பெண் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துச் செபித்துவந்தார். 1738 ஜூன் 14 அன்று சொரூபத்தின் முகத்தில் கண்ணீரைக் கண்டதாகச் சொன்னார். அவ்வளவுதான், சனம் வரத் தொடங்கிவிட்டது. முதலில் கட்டிய சின்னச் சிற்றாலயம் தாங்கவில்லை.

1745-இல் தொடங்கி 1754-இல் முடித்த இன்றைய கோயில், டொமினிகுஸ் ட்ஸிம்மர்மன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. வெளியே சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே நுழைந்தால் நீள்வட்ட மண்டபம், இரண்டிரண்டாக நிற்கும் வெள்ளைத் தூண்கள், எல்லாப் பக்கமும் வெளிச்சம். பீடத்தருகே மட்டும் சிவப்புத் தூண்கள், கிறிஸ்துவின் இரத்தத்தை நினைவூட்டுவதற்காக. மேலே கல் வளைவு என்று நினைத்து அண்ணாந்து பார்ப்போம், ஆனால் அது மரச்சட்டத்தில் சாந்து பூசிய கூரை! கல்லைவிடக் கனம் குறைவு, அதனால்தான் அத்தனை பெரிய ஜன்னல்கள் வைக்க முடிந்தது. அந்தக் கூரையில் உள்ள ஓவியம் ட்ஸிம்மர்மனின் அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட் வரைந்தது. வானவில் மேல் கிறிஸ்து, ஒரு முனையில் இறுதித் தீர்ப்புக்கான சிம்மாசனம் காலியாக, எதிர்முனையில் நித்தியத்தின் கதவு, இன்னும் திறக்காமல். சாந்து வேலை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ரொக்கோகோ என்ற இந்த 18-ஆம் நூற்றாண்டு அலங்காரப் பாணி என்றாலே கேக் அலங்காரம் மாதிரி என்று எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. இங்கே அது செல்லாது.

இத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவில் பீடத்தில் இருப்பது அந்த ஒட்டுப்போட்ட சொரூபம்தான். அதை அழகுபடுத்த யாரும் முயலாதது பெரிய விஷயம். சுற்றியுள்ள தங்கமெல்லாம் அதன் காயங்களை இன்னும் எடுத்துக் காட்டுகிறது.

1983-இல் இந்தக் கோயிலை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் சேர்த்தார்கள். ஃபியூஸன் ஊரிலிருந்து பஸ் இருக்கிறது. பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், நேரம் பார்த்துப் போங்கள்.