லூனா, கோயோ, கேசோன்: அக்டோபர் டைரி

அக்டோபர் 4, 2025, சனி

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது, இந்த ஊர் படம் ஒண்ணு கூட முழுசா பாத்ததில்ல. ஆபீஸ்ல எல்லாரும் 15ஆம் தேதி வரப்போற 'கேசோன்' படத்தைப் பத்தியே பேசுறாங்க. பக்கத்து சீட் பொண்ணு கேட்டா, "குயா, முதல் ரெண்டு படம் பாத்தாச்சா?" குயான்னா அண்ணா. இல்லைன்னேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, ரெண்டு வருஷமா சோறு சாப்பிடாம இருந்தவனைப் பாக்குற மாதிரி.

மூணு படமும் ஒரே டைரக்டர், ஜெரால்ட் டாரோக். 2015ல 'ஹெனரல் லூனா', 2018ல 'கோயோ', இப்போ இது. பயானின்னா இங்க மாவீரன், தேசத்தலைவர், ரெண்டுமே. அதனால இந்த வரிசைக்கு ரசிகருங்க வெச்ச பேரு பயானிவெர்ஸ்.

நைட்டு வீட்டுக்கார அம்மா வீட்டு ஹால்ல உக்காந்து முதல் படம் போட்டோம். அவங்களை ஆத்தேன்னு தான் கூப்பிடணும், இங்க அக்காவுக்கு அதான் பேரு. ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் நம்மூர்ல பாம்பைப் பாத்து கத்துற மாதிரியே எனக்கு இருக்கும், ரெண்டு வருஷமாகியும் பழகல.

படம் என்னை அசைச்சிடுச்சு, நாளைக்கு எழுதுறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சரி, ஹெனரல் லூனா. கதை 1899. ஸ்பெயின்காரன் 300 வருஷத்துக்கு மேல ஆண்டுட்டு, போகும்போது 2 கோடி டாலருக்கு நாட்டை அமெரிக்காகாரன் கையில குடுத்துட்டுப் போயிட்டான். இவங்க ஏற்கனவே சுதந்திரம் அறிவிச்சு, அகினால்டோ ஜனாதிபதியாவும் ஆயாச்சு, ஆனா அதை யாரும் மதிக்கல. பிப்ரவரி 4ஆம் தேதி சண்டை ஆரம்பிக்குது. படைக்குத் தலைமை அன்டோனியோ லூனா. அந்தாளு படிச்சது பார்மசி! ஐரோப்பாவுல படிச்ச கெமிஸ்ட், பத்திரிகை நடத்தினவரு, வாய்க்குப் பூட்டே கிடையாது. ஜான் அர்சில்லா நடிச்சிருக்காரு பாருங்க, கத்துறாரு, கெட்ட வார்த்தை பேசுறாரு, அடுத்த நிமிஷம் கிடார் வாசிக்கிறாரு. கட்டளையை மீறினா விசாரணையே இல்லாம சுட்டுடுவேன்னு சட்டம் போட்டு அதுக்கு ஆர்ட்டிகிள் ஒண்ணுன்னு பேரும் வெச்சு எல்லாரையும் மிரட்டிட்டே திரியுறாரு.

அப்புறம் அவரைக் கொன்னது அமெரிக்காகாரன் இல்ல. 1899 ஜூன் 5, கபனாத்துவான்ங்கிற ஊரு. அகினால்டோ கூப்பிடுறாருன்னு தந்தி வருது, போனா அகினால்டோ அங்க இல்ல, அவரோட சொந்த ஊர் காவித் படை தான் காத்துட்டு இருக்கு, அதுவும் கட்டளையை மீறினதுக்காக லூனாவே ஒரு தடவை ஆயுதத்தைப் பிடுங்கி அனுப்பின ஆளுங்க. கத்தியால வெட்டுறாங்க, சுடுறாங்க, மனுசன் தடுமாறிக்கிட்டே சர்ச் முன்னாடி திடல் வரைக்கும் வந்து விழுறாரு. காப்பாத்த ஓடி வந்த அவரோட உதவியாளர் பாகோ ரோமானும் காலி. மறுநாள் ராணுவ மரியாதையோட புதைச்சாங்க. தண்டனை? ஒருத்தருக்கும் இல்ல.

ஆத்தே இந்த சீனுக்கு எழுந்து கிச்சனுக்குப் போயிட்டாங்க. முன்னாடியே பாத்திருக்காங்களாம், இதை மட்டும் திரும்பப் பாக்க மாட்டாங்களாம்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. மாபினின்னு ஒருத்தர் வர்றாரு, அகினால்டோ அரசாங்கத்தோட மூளையே அவருதான். படம் முழுக்க உக்காந்தே இருப்பாரு. 2015ல படம் பாத்த காலேஜ் பசங்க சில பேரு, ஏன் இவரு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறாருன்னு கேட்டாங்களாம். மாபினிக்கு ரெண்டு காலும் வராது, போலியோ. இதை அந்த வேஷம் போட்ட எபி கிசோனே வெளியில சொல்லப் போக, ஸ்கூல்ல சரித்திரம் எந்த லட்சணத்துல நடத்துறீங்கன்னு நாடே சண்டை போட்டுச்சாம். படம் தியேட்டரை விட்டுத் தூக்குற நிலைமைக்குப் போயி, பசங்க வாய் வார்த்தையால திரும்ப ஏறி, 8 கோடி பெசோவுல எடுத்தது 20 கோடிக்கு மேல வசூல் பண்ணிடுச்சு.

அக்டோபர் 8, புதன்

மழை. இங்கத்து ஷேர் வண்டி ஜீப்னியில ஒண்ணரை மணி நேரம். எழுத ஒண்ணுமில்ல.

அக்டோபர் 11, சனி

இன்னைக்கு 'கோயோ'. ஆத்தேயோட பேரனும் கூட உக்காந்தான், எட்டாம் கிளாஸ்.

கிரெகோரியோ டெல் பிலார், செல்லமா கோயோ. சின்ன வயசு ஜெனரல், பாக்க அழகா இருப்பான், ஊருக்கு ஊர் பொண்ணுங்க. பாவ்லோ அவெலினோ தான் ஹீரோ. லூனா படத்து சூடு இதுல இல்ல, முதல் பாதி ஆத்தங்கரை, டான்ஸு, காதல்னு மெதுவா போகுது, பேரன் பாதியில போனை எடுத்துட்டான். இந்தப் படம் அந்தளவு ஓடலையாம், ஏன்னு புரியுது. ஆனா எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, சொன்னா ஆபீஸ்ல அடிப்பாங்க.

காரணம் இதுதான். லூனா செத்ததும் அவரு ஆளுங்களை வேட்டையாடுற வேலையை அகினால்டோ இவன்கிட்ட தான் குடுக்குறாரு. பெர்னால்னு ரெண்டு அண்ணன் தம்பி, லூனா பக்கம் இருந்தவங்க, அவங்களைத் தேடிப் போற வேலை. அப்போ நீ வீரனா, இல்ல எஜமான் சொன்னா குரைக்கிற நாயான்னு ஒரு கேள்வி அவன் மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. சாகுற வரைக்கும் அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல.

சாவு 1899 டிசம்பர் 2, தீராட் கணவாய். அகினால்டோ வடக்கே மலைக்குள்ள தப்பிச்சு ஓட, பின்னாடி வர்ற அமெரிக்கப் படையை 60 பேரை வெச்சு மறிக்கணும். அஞ்சு மணி நேரம் மறிச்சாங்க. மேல சுத்தி வர ஒரு பாதை இருக்கு, உள்ளூர்க்காரன் ஒருத்தன் அமெரிக்காகாரனுக்குக் காட்டிக் குடுத்துட்டான், அம்புட்டுதான். 50 பேருக்கு மேல செத்தாங்க. கோயோவுக்கு வயசு 24. படத்துல அந்த சாவுக்கு ஒரு டயலாக் கிடையாது, ஸ்லோமோஷன்ல கொடி பறக்குறது கிடையாது, டப்புனு ஒரு குண்டு, முடிஞ்சுது. நான் ரிமோட்டைத் தேடினேன், ஏதாவது ஸ்கிப் ஆயிடுச்சோன்னு.

செத்தப்புறம் சட்டை, பேன்ட், ஷூ, லாக்கெட், காதல் கடிதம் எல்லாத்தையும் சிப்பாய்ங்க ஞாபகார்த்தமா உருவிக்கிட்டாங்க, உடம்பு நாள் கணக்கா அப்படியே கிடந்துச்சு. அவன் பாக்கெட்ல ஒரு டைரி இருந்துச்சாம், அதையும் எடுத்துக்கிட்டாங்க. டைரி எழுதிக்கிட்டே இதை எழுதுறது ஒரு மாதிரி இருக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

நேஷனல் மியூசியம் போனேன், டிக்கெட் இல்ல, ப்ரீ. உள்ள நுழைஞ்சதும் பெரிய ஹால்ல ஸ்போலியாரியம். வரைஞ்சது யாரு தெரியுமா, ஹுவான் லூனா, ஜெனரலோட கூடப்பிறந்த அண்ணன். 1884ல மாட்ரிட்ல தங்கப் பதக்கம் வாங்கின படம். நாலு மீட்டர் உசரம், ஏழரை மீட்டருக்கு மேல அகலம், கிட்டப் போனா ஒண்ணும் புரியாது, பின்னாடி பின்னாடி நடந்து வந்து தான் பாக்கணும். ரோம் நகரத்துல சண்டை போட்டு செத்த ஆளுங்களை அரங்கத்துக்குக் கீழ தரையில தரதரன்னு இழுத்துட்டுப் போறாங்க. இடது பக்கம் வேடிக்கை பாக்குற கூட்டம். வலது பக்கம் ஓரமா ஒரு பொண்ணு நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தரையில சரிஞ்சு கிடக்குறா.

ஹெனரல் லூனாவுல தம்பி பிணத்தையும் பாகோ ரோமானையும் இழுத்துட்டுப் போற ஷாட் இதே மாதிரி வெச்சிருக்காங்க, அப்போ எனக்குத் தெரியல, இப்போ இதுக்கு முன்னாடி நிக்கும்போது தான் உறைச்சுது. 15 வருஷம் முன்னாடியே அண்ணன் தம்பி சாவை வரைஞ்சு வெச்சுட்டாரோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, அப்படியெல்லாம் இல்ல, டைரக்டர் புத்திசாலி, அவ்ளோதான்.

அந்த அண்ணனும் லேசுப்பட்ட ஆளு இல்ல. 1892ல பாரிஸ்ல பொண்டாட்டியையும் மாமியாரையும் சுட்டுக் கொன்னுட்டு, கோர்ட்ல விடுதலையாகி வந்தவரு. தம்பி செத்த அதே வருஷம் டிசம்பர்ல ஹாங்காங்ல அவரும் போயிட்டாரு. இவரு பேர்லயும் இந்த ஊர்ல தெரு இருக்கு. இவங்க வீட்டுக் கோபத்தை மட்டும் வெச்சே நாலாவது படம் எடுக்கலாம்.

திரும்பி வரும்போது காய்ன்த்தா வழியா வந்தேன், நான் இருக்குற இடத்துக்குப் பக்கம் தான். 1762ல பிரிட்டிஷ்காரன் மணிலாவைப் பிடிக்க மெட்ராஸ்ல இருந்து தான் கப்பல்ல வந்தான், கூட மெட்ராஸ் சிப்பாய்ங்க. ரெண்டு வருஷத்துல பிரிட்டிஷ்காரன் போயிட்டான், சிப்பாய்ங்க கொஞ்சம் பேரு போகாம இங்கயே கல்யாணம் பண்ணி செட்டில். மார்க்கெட்ல மீன் விக்கிற அம்மாவைப் பாத்தா ராயபுரம்னு சத்தியம் பண்ணலாம்.

அக்டோபர் 15, புதன்

இன்னைக்கு ரிலீஸ். எனக்கு நைட் ஷிப்ட். போச்சு.

அக்டோபர் 18, சனி

பாத்தாச்சு. மால்ல ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகாதது என் தப்பு.

மானுவல் கேசோன், 1935ல தேர்தல்ல ஜெயிச்சு காமன்வெல்த், அதாவது அமெரிக்காவுக்குக் கீழ இருந்த தன்னாட்சி அரசோட ஜனாதிபதி ஆனவரு. ஜெரிகோ ரோசாலெஸ் நடிப்புக்கு எத்தனை விசில் வேணா அடிக்கலாம். ஆளு சிரிச்சுக்கிட்டே கழுத்தை அறுக்குறாரு. இதுல குண்டுச் சத்தம் கிடையாது, சண்டையெல்லாம் மேஜைக்குக் குறுக்கதான். கூட்டாளி ஓஸ்மென்யா அமெரிக்கா போயி சுதந்திரச் சட்டத்தை 1933ல வாங்கிட்டு வர்றாரு, இவரு அதை வேணாம்னு கவுத்துட்டு, தானே கப்பலேறிப் போயி கிட்டத்தட்ட அதே சட்டத்தை 1934ல வாங்கிட்டு வந்து நான் தான் கொண்டாந்தேன்னு மாலை வாங்கிக்கிறாரு. பக்கத்துல ஒரு தாத்தா விழுந்து விழுந்து சிரிச்சாரு. போன மாசம் தான் வெள்ளத்தடுப்பு வேலையில அடிச்ச கொள்ளையை எதிர்த்து மணிலாவே ரோட்டுக்கு வந்துச்சு, அந்தச் சூடு தியேட்டர்ல இருந்துச்சு.

இப்போ நான் சொல்ல வந்தது. மூணு படத்துக்கும் மூணு ஹீரோ, ஆனா மூணுலயும் இருக்குறது அகினால்டோ. மூணுலயும் அதே நடிகர், மோன் கன்ஃபியாடோ. லூனாவுல தந்தியை நம்பி லூனா போற இடத்துல இவரு இல்ல, கோயோவுல மலைமேல ஓடுறாரு, இதுல கிழவனாகி 1935ல கேசோனை எதிர்த்தே நிக்கிறாரு. கேசோன் யாரு, புரட்சியில இவருக்குக் கீழ இருந்த மேஜர்! அந்தத் தேர்தல்ல தான் லூனா கொலையையும், ஸ்பெயினுக்கு எதிரா புரட்சியை ஆரம்பிச்ச போனிஃபாசியோ கொலையையும் தோண்டி எடுத்து அகினால்டோ மூஞ்சியில எறியுறாங்க. 36 வருஷமா யாரும் கேக்காத கேள்வி, கடைசியில கேட்டது நியாயத்துக்கு இல்ல, ஓட்டுக்கு. ஆளு படுதோல்வி. ஆனா 1964 வரைக்கும் இருந்தாரு மனுசன், 94 வயசு. கேசோனே 1944ல டிபியில போயிட்டாரு.

படத்துல குறை உண்டு. நிறையப் பேரு, நிறையப் பேச்சு, நடுவுல நான் தொலைஞ்சேன். ஹோவென்னு ஒரு பத்திரிகைக்காரன், கற்பனைப் பாத்திரம், மூணு படத்துலயும் வர்றான், அவன் மட்டும் இல்லைன்னா எனக்கு ஒரு பிடியும் இருந்திருக்காது.

அக்டோபர் 25, சனி

இந்த வாரம் பூரா ஒரே வீடியோ. கேசோன் குடும்பத்துக்காரர் ஒருத்தர் படம் முடிஞ்சு நடந்த கேள்வி பதில்ல எழுந்து, எங்க தாத்தாவை இப்படிக் காட்டிட்டீங்களேன்னு டீம் மூஞ்சிக்கு நேரா கத்திட்டாரு. ஆபீஸ் ரெண்டா பிரிஞ்சிருக்கு. எனக்கு அவரு மேல கோபம் வரல. வீட்டுல மாட்டியிருக்குற போட்டோ தியேட்டர்ல வேற மாதிரி பேசினா யாருக்குத்தான் கொதிக்காது. ஆனா படத்தை நிறுத்தியிருந்தா எனக்கு இத்தனையும் தெரிஞ்சிருக்காது, அதுவும் உண்மை.

ஆத்தே மட்டும், "லூனா குடும்பம் கத்துச்சா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியாம சாப்பிட்டு முடிச்சேன்.

அக்டோபர் 27, திங்கள்

காலைல ஜீப்னி. 20 பெசோ காசு நீட்டினேன், அதுல கேசோன் மூஞ்சி. பாயாட் போ, அதாவது காசு வாங்கிக்கோங்கன்னு சொல்லி முன்னாடி குடுத்தா கை கையா மாறி டிரைவர்கிட்ட போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். 13 போக 7. ரெண்டு ஒரு பெசோ, ரெண்டுலயும் ரிஸால். அஞ்சு பெசோ காசைத் திருப்பிப் பாத்தேன், பழசு, மஞ்சக் கலரு, தேய்ஞ்சு போனது. அகினால்டோ.

புது அஞ்சு பெசோவுல அகினால்டோ இல்ல. 2017ல அவரை எடுத்துட்டு போனிஃபாசியோவைப் போட்டாங்க. 1897ல அகினால்டோ அரசாங்கம் சாகடிச்ச அதே போனிஃபாசியோ. பழசை இன்னும் யாரும் வாபஸ் வாங்கல, ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல தான் கிடக்குறாங்க.

எடுத்து வெச்சுக்கலாமான்னு யோசிச்சேன். சாயங்காலம் முக்குக் கடையில காபி பாக்கெட்டுக்கு சில்லறை குறைஞ்சுது, குடுத்துட்டேன்.